வராதவர்களை வரைந்தவர்

பிரான்சு தேசத்துக்கு டேவிட் என்று ஒரு சரித்திர ஓவியர் கிடைத்தார். அமெரிக்காவுக்கு பிராங்க்ளின் என்று ஒருவர், ராஜதந்திரியும் விஞ்ஞானியுமாகச் சேர்ந்தாற்போல் கிடைத்தார். ஆளுக்கு ஒருவர் போதும் என்று இரண்டு தேசங்களும் நிம்மதியாக இருந்துவிட்டன. திருத்தணிக்கு இரண்டு பேருமே கிடைத்தார்கள். அதுவும் ஒரே பெஞ்சில். பிற்பாடு ஒரே குடும்பத்தில். இத்தனை பெரிய பாக்கியத்தை ஒரு சின்ன ஊர் எப்படித்தான் தாங்கிக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். ஊருக்குப் பழகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிரபுதாஸ் வாத்தியார். ஆண்டுவிழாவுக்கு ‘உலகப் பெரியோர்’ என்று மாறுவேட நிகழ்ச்சி வைத்தார். காந்தி, நேரு, ஜான்சி ராணி வேடங்களெல்லாம் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் மகன், மைக்செட்காரர் மகள் என்று தகுதியுள்ளவர்களுக்குப் போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது இரண்டு பையன்கள், ஒரு சணல் டோப்பா, காம்பு உடைந்த ஒரு மூக்குக்கண்ணாடி. வாத்தியார் இந்தச் சரக்குக்கு ஏற்ற பெரியோர்களைச் சரித்திரத்தில் தேடினார். டோப்பா துளசிங்கத்தின் தலைக்குச் சரியாக உட்கார்ந்தது. அவர் டேவிட் ஆனார். நிஜ டேவிட் டோப்பா போட்டாரா இல்லையா என்று வாத்தியாருக்கும் தெரியாது. சணல் இருந்தது, போட்டுவிட்டார். பாடங்கள் நன்றாக மனதில் பதியட்டும் என்று அந்த வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிராங்க்ளின் ஆனார்.

விழாவில் பிராங்க்ளின் விட்ட காற்றாடி சீரியல் பல்பில் சிக்கி, மேடை மொத்தமும் இருட்டாகியது. மின்சாரத்தை ஆராய வந்தவர், இருந்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் போனார். இருட்டில் டேவிட் தன் வசனத்தைச் சொல்லி முடித்ததை யாரும் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒத்திகை நாட்களில் வாத்தியார் சொன்ன கதைகள் இரண்டு பேருக்குள்ளும் இறங்கிவிட்டன. பிராங்க்ளின் தனக்கென்று பதின்மூன்று நற்குணங்களை எழுதி வைத்துக்கொண்டு பழகினாராம். ராஜமாணிக்கமும் வரிசையாகப் பழக ஆரம்பித்தார். அந்த வரிசையில் அடக்கம் கடைசியில் வருகிறது. அதுவரைக்கும் அவர் இன்னும் போய்ச் சேரவில்லை.

துளசிங்கத்துக்குப் பிடித்த கதை வேறு. நெப்போலியன் முடிசூட்டிக்கொண்டபோது அவனைப் பெற்றவள் வரவில்லை, கோபம். ஆனால் டேவிட் வரைந்த பெரிய படத்தில் அந்த அம்மாள் நடு மாடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

“வராதவங்கள எப்படி சார் வரைவாரு?” என்று துளசிங்கம் கேட்டார்.

“வந்திருக்கணும் இல்லையா? அதான்” என்றார் வாத்தியார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் துளசிங்கம் பிற்காலத்தில் பிழைத்தார், கல்யாணம் கட்டினார், வீட்டுக்கு மாடி எடுத்தார்.

திருத்தணி மலையில் முடி இறக்க, காது குத்த, தாலி கட்ட வருகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். போட்டோவில் மாமியார் கண்ணை மூடியிருப்பார், மாப்பிள்ளை கொட்டாவி விட்டிருப்பான், துபாயில் இருக்கிற மகன் இருக்கவே மாட்டான். துளசிங்கம் ஆள் உயரத் துணியில் வரைந்து கொடுக்கிற வைபவப் படத்தில் எல்லாருக்கும் கண் திறந்திருக்கும், தொப்பை உள்ளடங்கியிருக்கும், லீவு கிடைக்காத மகன் புதுச் சட்டையோடு நிற்பான். செத்துப்போன தாத்தாகூட வெற்றிலை மென்றுகொண்டு முன்வரிசையில் இருப்பார். “போட்டோவுல இருக்கிற மாதிரியேதான் வேணும்னா போட்டோவே வெச்சிக்குங்க” என்பது துளசிங்கத்தின் கலைக் கொள்கை. யாரையும் சேர்ப்பார், ஒருக்காலும் யாரையும் நீக்க மாட்டார். சித்தூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

ராஜமாணிக்கமோ நாட்டுக்கு உழைத்தார். வார்டு கவுன்சிலர் தேர்தல் எப்போது வந்தாலும் நிற்பார். முடிவு வந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருப்பார். இடைப்பட்ட காலத்தில் கண்டுபிடிப்பார். கரெண்டு போனால் தானாக நின்றுவிடும் விசைத்தறி அவர் கண்டுபிடித்ததுதான். மற்றத் தறிகளும் கரெண்டு போனால் நின்றுவிடுகின்றனவே என்று நெசவாளர்கள் கேட்டபோது, “அதுங்க வேற வழியில்லாம நிக்குது. இது திட்டம்போட்டு நிக்குது” என்று விளக்கினார். மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டு துண்டாக இருக்கும் மூக்குக்கண்ணாடியை, தேவை வரும் முன்பே மாட்டிக்கொண்டார். பிராங்க்ளினும் அப்படித்தான் மாட்டியிருந்தாராம்.

இந்த ராஜமாணிக்கத்தின் தங்கை கமலாவைத்தான் துளசிங்கம் கட்டினார். அன்றிலிருந்து துளசிங்கத்துக்கு அவர் ‘பாவா’, அவருக்குத் துளசிங்கம் ‘மாப்ள’. பிரான்சும் அமெரிக்காவும் இப்படிச் சம்பந்தம் செய்துகொண்டதில் இரு தரப்புக்கும் லாபம். பாவாவின் கண்டுபிடிப்புகளுக்கு மாப்பிள்ளை இனாமாகப் படம் போட்டார். மாப்பிள்ளையின் படங்களைப் பற்றி பாவா மேடைதோறும் பேசினார். அப்படி ஒரு மேடையில்தான் விபரீதம் வந்தது.

மலைப்படியில் தேங்காய் பழத்தோடு ஏறுகிற பக்தர்களைக் குரங்குகள் விடுவதில்லை. அதற்காக ராஜமாணிக்கம், குரங்கு திறக்க முடியாத பூசைக்கூடை ஒன்றைச் செய்தார். ஸ்பிரிங் வைத்த மூடி; அழுத்தித் திருகித் தூக்க வேண்டும். படி ஆரம்பிக்கிற இடத்தில் திறப்பு விழா. தன் பேச்சில் நேர்மை என்ற நற்குணத்தை விளக்கிக்கொண்டே போனவர், உற்சாகத்தில் கையை நீட்டி, “எங்க மாப்பிள்ளை துளசிங்கம் இங்கதான் இருக்காரு. இந்த விழாவை உள்ளது உள்ளபடி வரையும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்!” என்று முழங்கினார்.

துளசிங்கம் நெகிழ்ந்துபோனார். இதுவரை எந்த வாடிக்கையாளரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. உள்ளது உள்ளபடியே வரைந்தார். வந்திருந்தது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சொந்தக்காரர்கள், அரக்கோணம் பஸ்ஸுக்காக நிழலில் நின்ற இரண்டு பேர், ஓர் ஆடு. நட்டநடுவில் ஒரு குரங்கு, மூடியை அழுத்தித் திருகித் தூக்கி, உள்ளிருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. அதுவும் உள்ளதுதான். குரங்குகள் அன்றைக்கே திறக்கக் கற்றுக்கொண்டன. பக்தர்கள்தான் கடைசிவரைக்கும் கற்றுக்கொள்ளவில்லை.

படத்தைப் பார்த்த ராஜமாணிக்கம் இரண்டு துண்டுக் கண்ணாடியின் மேல்பாதி வழியாக ஒரு தடவையும், கீழ்ப்பாதி வழியாக ஒரு தடவையும் பார்த்தார். இரண்டிலும் குரங்கு இருந்தது.

“இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். உன் வீட்டுப் பச்சத்தண்ணி எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அதோடு போயிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் துளசிங்கத்தின் மகள் மோகனப்ரியாவுக்கு வரன் அமைந்தது. பையன் கதிரவன், பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம், தகப்பனார் ராஜவேலு வீட்டிலேயே தறிகள் போட்டு லுங்கி நெய்கிறவர். நிச்சயதார்த்தத்துக்கு ராஜமாணிக்கத்தை மூன்று பேர் போய்க் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. வரவில்லை என்பதை டீக்கடை டீக்கடையாகப் போய் அறிவித்தார். “நான் புறக்கணிச்சிருக்கேன்” என்றார். சும்மா வராமல் இருப்பதற்கும் புறக்கணிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு அதையும் விளக்கினார்.

நிச்சயம் முடிந்த அன்று கமலா தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பொண்ணுக்கு நெத்தியில பட்டம் கட்டுறது தாய்மாமன். எங்கண்ணன் வந்து கட்டலன்னா நான் மணவறைப் பக்கம் வர மாட்டேன். அம்மாவாவும் நீங்களே நின்னுக்குங்க.”

“கமலா, நான் வேணா போயி கால்ல விழட்டுமா?”

“விழுந்தா உள்ளது உள்ளபடி எவனாவது வரைவான்” என்றாள் கமலா.

துளசிங்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு வராத தாய்மாமன்களை வரவழைத்துக் கொடுத்தவர். துணியில் நிற்க வைக்கலாம். மணவறையில் எப்படி நிற்க வைப்பது? வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தார். சம்பந்தி ராஜவேலு தன் கூடத்தில் மாட்டுவதற்கு நிச்சயதார்த்தப் படம் கேட்டிருந்தார். அதில் கமலாவுக்கும் மோகனப்ரியாவுக்கும் நடுவில் ராஜமாணிக்கத்தை வரைந்தார். பட்டுச்சட்டை, இரண்டு துண்டுக் கண்ணாடி, கையில் சீர்த்தாம்பாளம். மோகனப்ரியாவின் கை மாமனின் முழங்கையைப் பிடித்திருந்தது. ராஜமாணிக்கம் வாழ்க்கையிலேயே சிரித்திராத ஒரு சிரிப்பையும் முகத்தில் வைத்தார். படம் பொதட்டூர்பேட்டைக்குப் போயிற்று.

இதற்கப்புறம் அங்கே நடந்ததை, லுங்கி வாங்கப் போயிருந்த கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருக்கும் சேட்டு வந்து சொல்லித்தான் துளசிங்கம் தெரிந்துகொண்டார்.

திட்டம்போட்டு நிற்கும் தறியை விற்பதற்காக ராஜமாணிக்கம் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருக்கிறார். சம்பந்தி வீடாயிற்றே, எட்டிப் பார்த்து, ஏன் நிச்சயத்தைப் புறக்கணித்தோம் என்பதை அவர்களுக்கும் விளக்கிவிட்டு வரலாம் என்று ராஜவேலுவின் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ராஜவேலு தறியை நிறுத்தினார்.

“நான் நிச்சயத்துக்கு வரல” என்று ராஜமாணிக்கம் ஆரம்பித்தார்.

“இன்னாங்க இப்படிச் சொல்றீங்க, தோ நிக்கிறீங்களே” என்று சுவரைக் காட்டினாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள். அவளும் நிச்சயத்துக்கு வந்தவள்தான். “பாயசம் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினீங்க. நாந்தான ஊத்தினேன்.”

“அம்மா, நான் வரவே இல்ல!”

“சும்மா இருங்க. முந்திரி கம்மின்னு வேற சொன்னீங்க.”

ராஜமாணிக்கம் ராஜவேலுவைப் பார்த்தார். ராஜவேலு தலையைச் சொறிந்தார். “மொதல்ல நானும் நீங்க வரலன்னுதாங்க நெனச்சேன். தெனம் பாத்துகினு இருக்கேனா, இப்ப வந்த மாதிரிதான் இருக்குது.”

ஒரு மனிதனின் புறக்கணிப்பை இத்தனை சுத்தமாக யாரும் திருடியதில்லை. ராஜமாணிக்கம் தறியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் ஏறினார்.

சேட்டு சொல்லி முடிக்கும் முன்பே தெருவில் குரல் கேட்டது.

“யோவ் மாப்ள! வெளிய வாய்யா!”

வாசப்படி மிதிப்பதில்லை என்பது சபதம் ஆகையால், ராஜமாணிக்கம் வீட்டு முன்னால் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றார். தெருவே கூடிவிட்டது. கூடைத் திறப்பு விழாவுக்கு வராத கூட்டம் எல்லாம் இப்போது வந்தது.

“பாவா, உள்ள வாங்க.”

“உள்ள வர்றதுக்கா வந்தேன்? நான் எங்கயும் வரலன்னு சொல்லத்தான்யா வந்திருக்கேன்! என் விழாவுக்கு வராத ஆளு ஒருத்தன, ஒரே ஒருத்தன வரஞ்சியா நீ? ஆட்டை வரஞ்ச. குரங்கு தோலுரிக்கிறத வரஞ்ச. இப்ப வராத என்னை மட்டும் எதுக்கு வரஞ்ச?”

“நீங்கதான பாவா, உள்ளது உள்ளபடின்னு மேடையில சொன்னீங்க?”

“மேடையில சொல்றத எவனாவது செய்வானா?”

கூட்டத்தில் சிலர் இது நியாயம் என்று தலையசைத்தார்கள்.

“உங்க டேவிட்டு புத்திதான உனக்கு” என்று ராஜமாணிக்கம் சரித்திரத்துக்குள் இறங்கினார். “ராஜாவ கொல்லணும்னு ஓட்டு போட்டான். அப்புறம் நெப்போலியனுக்கு ராஜா வேஷம் போட்டு வரஞ்சான். அவன் தோத்ததும் ஊர வுட்டே போயிட்டான். கடைசிவரைக்கும் திரும்பலியே!”

“உங்க பிராங்க்ளினு மட்டும் இன்னா?” என்றார் துளசிங்கம். அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. “பிரான்சுக்குப் போயி அந்த நாட்டு ராஜாவையே பேசி மடக்கினாரு. பெத்த புள்ளையோட மட்டும் ராசியாகவே இல்ல. அவன் எதிர்க்கட்சியாம். இவ்வளவு பேரோட சமாதானம் பேசினவரு, சொந்த வீட்டுல...”

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது அவங்க குடும்ப விஷயம்” என்றார், குரலைத் தாழ்த்தி.

கமலா சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். “செத்துப்போன அந்த ரெண்டு வெள்ளக்காரங்களும் கெளம்பட்டும். உசுரோட இருக்கிற ரெண்டு பேரும் பேசுங்க. அண்ணா, தண்ணி.”

“வேணாம். மொதல்ல என்னை அழிக்கச் சொல்லு.”

“அழிச்சா கல்யாணத்துக்கு வருவீங்களா பாவா?”

“அழி. அப்புறம் யோசிக்கிறேன்.”

துளசிங்கம் மனைவியைப் பார்த்தார். அவர் தூரிகை யாரையும் வெளியே அனுப்பியதில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஜெயிலுக்குப் போன சகலையைக்கூட, குடும்பம் வேண்டாம் என்று சொல்லியும், தூணுக்குப் பின்னால் பாதியாவது வைத்திருந்தார்.

“அழிச்சிடுங்க” என்றாள் கமலா. “படத்துல நிக்கிறவர வெச்சிகினு நான் இன்னா பண்றது? அவரு வந்து பட்டம் கட்டுவாரா?”

மறுநாள் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் பிராங்க்ளின் முன் சீட்டிலும் டேவிட் பெயின்ட் டப்பாக்களோடு பின் சீட்டிலும் போனார்கள். இடையில் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது மட்டும் ராஜமாணிக்கம் திரும்பி, டப்பா மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ராஜவேலு தறிகளை நிறுத்தினார். தெருவிலிருந்த மற்றத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

“நல்லா சாப்ட்டு போன மனுசன இப்படி அழிக்கிறாங்களே” என்று கன்னியம்மாள் அங்கலாய்த்தாள்.

துளசிங்கம் பின்னணித் திரைச்சீலையின் பச்சையைக் குழைத்தார். தலையில் ஆரம்பித்தார். முதல் இழுப்பில் சிரிப்பு போயிற்று. கண்ணாடி போவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதன்மேல் அவர் அவ்வளவு வேலை செய்திருந்தார். ராஜமாணிக்கம் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார்.

“இன்னா மாப்ள, தலை இவ்ளோ சீக்கிரமா போயிடுச்சு?”

“பச்சை கொஞ்சம் கெட்டியா இருக்குது பாவா.”

“மெதுவா போடு.”

பட்டுச்சட்டை போயிற்று. கை போனதும் தாம்பாளம் அந்தரத்தில் நின்றது. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. “சீர் போச்சே!” என்று ராஜவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால்வரைக்கும் கரைந்தது. துளசிங்கம் டப்பாவில் தூரிகையைத் தோய்க்கக் குனிந்தார்.

“அந்தப் பொண்ணு கை எதப் புடிச்சிகினு இருக்குது?” என்றார் ராஜமாணிக்கம்.

துளசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். படத்தில் மோகனப்ரியாவின் விரல்கள் மடங்கி, வெறும் பச்சையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் கமலா, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க முழங்கைய, பாவா.”

“இப்ப?”

“இப்ப ஒண்ணும் இல்ல. கைய வேணா மடியில வெச்சி மாத்தி வரையட்டுமா?”

ராஜமாணிக்கம் கண்ணாடியின் மேல்பாதியில் பார்த்தார். பிறகு கிட்டே போய்க் கீழ்ப்பாதியில் பார்த்தார்.

துளசிங்கம் தூரிகையை எடுத்தார்.

“போதும். நிறுத்து.”

“கால் மிச்சம் இருக்குது பாவா.”

“இருக்கட்டும்.”

“வெறும் கால் எதுக்கு பாவா?”

“இன்னாய்யா கேள்வி இது?” என்று ராஜமாணிக்கம் சீறினார். “கல்யாணத்துக்கு வர்றதுக்குத்தான்!”

கூடத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, எல்லாரும் தட்டினார்கள். ராஜமாணிக்கத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதே சூட்டில் நின்ற தறிகளைப் பற்றி ஓர் உரையும் நிகழ்த்தினார். திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கமலா கொடுத்த தண்ணீரை ராஜமாணிக்கம் வாசப்படி தாண்டி உள்ளே வந்து குடித்தார். குடித்துவிட்டு, சொம்பின் கழுத்து அமைப்பில் ஒரு குறை இருப்பதாகச் சொன்னார்.

கல்யாணத்தன்று மலைமேல் மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது அவர்தான். மாப்பிள்ளை வீட்டார் தாமதம், புரோகிதர் தாமதம், சூரியனே கொஞ்சம் தாமதம் என்று எல்லாரையும் கடிந்துகொண்டார். மருமகள் நெற்றியில் பட்டம் கட்டும்போது அவருடைய விரல்கள் முடிச்சில் தடுமாறின. தன் கண்டுபிடிப்பான கிளிப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கமலா பார்த்த பார்வையில் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டுக் கையாலேயே கட்டினார். கமலா மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். துளசிங்கம் இத்தனையையும் வரைய நினைத்து வந்தவர். கண்ணில் ஹோமப் புகை என்று சொல்லிச் சொல்லித் துடைத்ததில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

பொதட்டூர்பேட்டைப் படத்தை அப்புறம் யாரும் தொடவில்லை. அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் வேட்டி நுனியோடு இரண்டு கால்கள், செருப்பில்லாமல், முன்பக்கம் பார்த்து நிற்கின்றன. லுங்கி வாங்க வருகிற வியாபாரிகள் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, “இன்னாம்மா அது, கால் மட்டும்?” என்று கேட்பார்கள்.

மோகனப்ரியா நூல்கண்டை எடுத்து வைத்துக்கொண்டே, அதே அளவுக்குக் கத்திப் பதில் சொல்வாள்:

“ஆங், அதுவா? எங்க மாமா. வந்துகினு இருக்காரு.”